கொப்பர், கொம்மான், திமிங்கிலம்

அந்த வருடம் அப்பாவின் வாயும் மாமாவின் காதும் நான்தான்.

பெரியக்கா வயதுக்கு வந்ததைக் கொண்டாடிய சாமத்திய வீட்டில், தாய்மாமன் உடைக்க வேண்டிய முதல் தேங்காயை அவசரத்தில் அப்பாவின் அண்ணன் உடைத்துவிட்டார். அவ்வளவுதான். அந்தத் தேங்காயின் இரண்டு பாதிகளாக அப்பாவும் மாமாவும் பிரிந்தார்கள். ஆனால் படகு ஒன்று; அதை உடைக்க ஏலாது. ஆகவே ஒரு சொல் பேசாமல் இருவரும் எங்கள் ஊரான சல்லியின் கரையிலிருந்து ஒன்றாகவே கடலுக்குப் போனார்கள். பள்ளிக்கூட நாட்களில் இருமி இருமியே சமாளித்தார்களாம். பள்ளிக்கூடமில்லாத சனிக்கிழமைகளில், அம்மா முணுமுணுக்க முணுமுணுக்க, என்னைத் தூக்கி நடுப்பலகையில் இருத்தினார்கள்.

"பிள்ளை, கொம்மானிட்டைச் சொல்லு, எஞ்சினைக் குறைக்கட்டாம்" என்பார் அப்பா.

"கொப்பரிட்டைச் சொல்லு, எனக்கும் கண் தெரியுதெண்டு."

முன்பு இருவரும் ஒருவரையொருவர் "மச்சான்" என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது என் வழியாக ஒருவர் கொம்மான், உன் மாமன்; மற்றவர் கொப்பர், உன் அப்பர். பழைய சொல்லைக் கடலில் எங்கேயோ தவறவிட்டிருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை, பங்குனிக் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. பிடித்த சூரை மீன்களோடு திரும்பிக்கொண்டிருந்தோம். கோணேசர் மலைக்கு வெளியே, நீலம் திடீரென்று அடியில்லாமல் கறுக்கும் இடம். தூரத்தில் லொறி காற்று விடுவதுபோல் இரண்டு தடவை சத்தம் கேட்டது. திமிங்கிலம். அங்கே அது வழமை, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதுதான் எஞ்சின் திணறி நின்றது. படகின் அடியில் சுற்றும் விசிறியில் யாரோ கைவிட்ட வலை சிக்கியிருந்தது.

மாமா இடுப்பில் கயிற்றைக் கட்டி, கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு குதித்தார். கயிற்றின் மறுமுனை அப்பாவின் கையில். நேரம் போனது. கயிறு அசையவில்லை.

"கொம்மானைக் கேள், வலை அறுந்துதோ எண்டு."

நான் குனிந்து தண்ணீரைக் கேட்டேன். தண்ணீர் குமிழிகளாக ஏதோ சொன்னது. பிறகு குமிழிகளும் நின்றன.

அப்போது அந்தச் சிவப்பு வந்தது. முதலில் ஒரு கையகலம். பிறகு ஒரு பாயகலம். செங்கல்லைக் கரைத்து ஊற்றியதுபோல் படகைச் சுற்றிப் பரவிப் பரவி, என் முகம் தெரிந்த தண்ணீரையும் மூடியது. அப்பா கயிற்றை வெறிபிடித்தவர்போல் இழுத்தார். வந்தது வெறும் கயிறு.

அப்பா என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. என்ன சொல்லப் போகிறார், எதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று வழக்கம்போல் காத்திருந்தேன். அவர் என்னிடம் எதுவும் தரவில்லை. என் தலைக்கு மேலால் கடலைப் பார்த்து, "மச்சான்!" என்று கத்தினார். குதித்தார்.

படகில் நான் மட்டும். மலை மெல்ல விலகியது. அழத் தோன்றவில்லை, வெறும் கயிற்றை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தேன், அதன் முனையில் இன்னும் யாரோ இருப்பதுபோல்.

படகின் மறுபக்கத்தில் சத்தம். இரண்டு தலைகள். கயிறு விசிறியில் மாட்டியதால் மாமா அதை இடுப்பிலிருந்து அவிழ்த்து, விசிறியிலிருந்தும் உருவிவிட்டு, அந்தப் பக்கத்தால் மேலே வந்திருக்கிறார். அப்பா அவருடைய கழுத்தையும் தோளையும் தடவித் தடவிப் பார்த்தார்.

"எங்கை வெட்டு? சொல்லடா, எங்கை?"

"வெட்டொண்டும் இல்லை, விடு மச்சான்." மாமா தன் கையை மணந்து பார்த்தார். முகம் கோணியது. "இது ரத்தமில்லையடா. பீ!"

"ஆற்றை பீ?"

"திமிங்கிலத்தின்ரை. ஊர்க்கடலெல்லாம் கிடக்க, எங்கடை தலையிலை பேண்டு போட்டுது!"

படகின் விளிம்பைப் பிடித்துத் தொங்கியபடி இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு எங்கே முடிந்து அப்பாவின் விம்மல் எங்கே தொடங்கியது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

அந்தச் சிவப்பு, கூனி என்ற குட்டி இறாலின் சிவப்பு என்பதைப் படித்தறியப் பல வருடங்கள் ஆயின. வெளிச்சம் போகாத ஆழத்தில் அவ்வளவு பெரிய உடல் விரல்நீளமும் இல்லாத கூனியை வாய்வாயாக விழுங்குகிறது. மூச்சு வாங்க மேலே வந்து, தின்றதன் மிச்சத்தை வெயிலில் கொட்டிவிட்டுப் போகிறது. அந்த உரத்தில் கண்ணுக்குத் தெரியாத பச்சை முளைக்கிறது. பச்சையைக் கூனி தின்ன, கூனியைச் சூடை மீன் தின்ன, சூடையைச் சூரை தின்ன, சூரையை நாங்கள் தின்றோம். அன்று நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது கடல் சமைக்கும் குசினிக்குள்.

அடுத்த சனிக்கிழமை விடியவே தொப்பியைப் போட்டுக்கொண்டு கரைக்கு ஓடினேன். "பிடி மச்சான்." "தள்ளு மச்சான்." மாமா என் தலையைத் தடவி, "நீ வீட்டை போ பிள்ளை" என்றார். படகு போனது. எஞ்சின் சத்தத்துக்கு மேலாக அவர்களுடைய கதை வெகுநேரம் கேட்டது.

எந்தச் சொல்லைப் பிழையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன், ஏன் என்னை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று விளங்காமல், ஈர மணலில் நின்று அழுதுகொண்டிருந்தேன்.