தங்கம் கெட்டுப் போகாது என்றவர்கள்

எழுபதுகளின் நடுவில், பாலக்காட்டுச் சித்தூருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு பதவி இருந்தது. கதிர்வீச்சு மருந்து வந்தால் அது சரியான வீரியத்தில் இருக்கிறதா என்று அளந்து, பதிவேட்டில் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். இயற்பியல் படித்தவன் அந்த வட்டாரத்தில் வேறு யாரும் சும்மா இல்லாததால் எனக்குக் கிடைத்தது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை அந்த வேலை. மற்ற நாட்களில் எக்ஸ்ரே அறையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ஜோக் அடித்துக்கொண்டிருப்பேன். சம்பளம் எதற்காகக் கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. ஜோக்குக்காக இருக்கலாம்.

ஆஸ்பத்திரியைக் கட்டியவர் கள்ளுக்கடை ஏலத்தில் பெரிய ஆளானவர். அவரை எல்லோரும் முதலாளி என்போம். அவருக்குக் கீழே ஒரு சர்ஜன். பாலக்காட்டில் பழைய கோயில் தெருக்காரர், வெளிநாட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர். அந்த ஆறு மாதத்தை அடுத்த இருபது வருஷம் செலவழித்தார். அங்கிருந்து அவர் கொண்டுவந்த வித்தைதான் தங்க விதை. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வந்தவர்களுக்கு வயிற்றைத் திறந்து, நொய்யரிசி அளவில் தங்கத் துண்டுகளை அந்தச் சுரப்பிக்குள் ஊசியால் செருகிவிடுவது. அணு உலையில் வைத்து எடுத்த தங்கம். உள்ளேயே இருந்து நோயைச் சுட்டுத் தீய்க்கும். பிறகு வெறும் தங்கமாகி அங்கேயே கிடக்கும்.

இதில் ஒரே ஒரு சங்கடம். அந்தத் தங்கத்தின் வீரியம் இரண்டே முக்கால் நாளில் பாதியாகிவிடும். அதனால் பம்பாயிலிருந்து விமானத்தில் கோயமுத்தூர் வந்து, அங்கிருந்து எங்கள் ஜீப்பில் அன்றைக்கே வந்து சேர்ந்து, மறுநாளே உள்ளே போக வேண்டும்.

அந்தத் தடவை விதை யாருக்கு என்றால், வண்டன்மேட்டில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்த ஒருவருக்கு. மகளைச் சித்தூரில் கட்டிக் கொடுத்திருந்ததால் எங்களிடம் வந்து மாட்டிக்கொண்டார். திங்கட்கிழமை விதை கோயமுத்தூரில் இறங்கியது. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது. எங்கள் டிரைவர் வாளையார் வழியாக நேரே வராமல், பொள்ளாச்சியில் மச்சான் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அந்தப் பக்கமாக வந்திருக்கிறார். எல்லையில் ஒரு சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தி விதையைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். டிரைவர் மட்டும் வந்து சேர்ந்தார்.

"நானென்ன பண்றதுங்க. காயிதத்துல தங்கம்னு போட்டிருக்குதுங்க. பெர்மிட் எங்கடாங்கறான். ஆஸ்பத்திரிக்குப் போகுதுங்கன்னேன். ஆஸ்பத்திரிக்கு எதுக்குடா தங்கம், நர்சம்மாங்களுக்கு வளையல் பண்றீங்களாங்கறான்."

தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலம். முதலாளி செவ்வாய்க்கிழமை தன் வக்கீலை அனுப்பினார். வக்கீல் ஆங்கிலத்தில் பேசிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். புதன்கிழமைதான் என் ஞாபகம் வந்தது. பஸ் ஏறிப் போனேன்.

சாவடி அதிகாரி மலையாளி. விதை இருந்த ஈயப் பாத்திரத்தை மேஜைக்கு அடியில் வைத்து, அதன்மேல் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தக் கனம் கனக்கிறதென்றால் உள்ளே கட்டிதான் இருக்கும் என்பது அவருடைய துப்பறிதல்.

"ஈயத்துக்குள்ள என்னா ஒளிச்சு வச்சிருக்கு? தொறந்து காமி."

"தொறக்கலாங்க சார். அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கலாங்களா. சாருக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா?"

"ஆயி. எதுக்கு?"

"குழந்தைங்க?"

"இனிமே தான்."

"அப்ப தொறக்க வேண்டாங்க சார். காலையும் எடுத்துட்டா நல்லதுங்க."

ஐந்து நிமிஷத்தில் பாத்திரம் என் மடியில் இருந்தது. அந்த ஈயத்தைத் தாண்டி அவருக்கு ஒன்றும் வந்திருக்காது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஒரு வருஷமாவது கவலைப்படட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் வார்டு வழியாகப் போனபோது வண்டன்மேட்டுக்காரர் கூப்பிட்டார்.

"ஏப்பா, சரக்கு வந்துருச்சா?"

"வந்துருச்சுங்க."

"எத்தன நாளு கெடந்துச்சு அங்க?"

"ரெண்டு நாளைக்கு மேலங்க."

"அப்ப வீரியம் போயிருக்குமில்ல?" சொல்லிவிட்டுச் சிரித்தார். "நானே பழைய காயப் புதுக்காயோட கலந்து ஏலத்துக்கு ஏத்துனவன்ப்பா. எனக்கா தெரியாது. அதையே எனக்கும் பண்ணிப்புடாதீக. இன்னொரு மட்டம் வயித்தக் கீறிக்கிட்டுக் கெடக்க எனக்குத் தெம்பு இல்ல."

வழக்கம்போல ஒரு ஜோக் சொல்லிவிட்டு நகரப் பார்த்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். விடவில்லை. அவர் சொன்னது சரிதான். விதை வைத்த இடத்தைத் திரும்பத் திறக்க முடியாது. பாதி வீரியத்தில் வைத்தால் நோய் பாதி சாகும், மீதி அவரைச் சாகடிக்கும்.

வியாழக்கிழமை காலை அளக்கும் மீட்டரைத் தேடினேன். அது முதலாளி அறையில் கண்ணாடி அலமாரிக்குள், யாரோ கொடுத்த யானைப் பொம்மைக்குப் பக்கத்தில் இருந்தது. வாங்கிய வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து உள்ளே பூட்டியதோடு சரி. முள் எந்த எண்ணைக் காட்டுகிறது என்று பார்க்க முடியாதபடி குங்குமம். சாவி கேட்டேன்.

"அதெதுக்குய்யா இப்ப?" என்றார் முதலாளி.

"மூணு நாள் ஆயிருச்சுங்க. வீரியம் கொறைஞ்சிருக்கும்."

"தங்கம் கெட்டுப் போகுமாய்யா? எங்கம்மா போட்ட காசுமாலை இன்னைக்கு எம் பொஞ்சாதி கழுத்துல கெடக்குது. ஒரு குண்டுமணி கொறையல."

பக்கத்தில் சர்ஜன் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும். ஆனால் ஆபரேஷனைப் பார்க்கப் பாலக்காட்டிலிருந்து நாலு டாக்டர்களைக் கூப்பிட்டிருந்தார். அதனால் காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி போனதும் என்னிடம் சொன்னார்:

"நீ என்னத்துக்குடா இதையெல்லாம் போட்டுக் கொழப்பறே. பம்பாய்க்காரா காயிதத்துல எழுதிருக்கா. அதைப் பாத்து எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போ. முன்னாடி மூணு தடவையும் அதைத்தானே பண்ணினே?"

அதைத்தான் பண்ணியிருந்தேன். மூன்று பேருக்கும் பம்பாய்க் காகிதத்தில் இருந்த எண்ணை அழகான கையெழுத்தில் பதிவேட்டில் இறக்கி, கீழே பேரெழுதி, போய் டீ குடித்திருந்தேன். தரக் கட்டுப்பாடு என்று பலகை போட்ட மேஜையில் உட்கார்ந்து நான் கட்டுப்படுத்தியது என் கொட்டாவியைத்தான். அந்த முதலாளியையும் சர்ஜனையும் பற்றி எனக்கு மோசமான அபிப்பிராயம் உண்டு. ஆனால் எங்கள் மூவர் வரிசையில் நான் எங்கே நிற்கிறேன் என்பதிலும் எனக்குச் சந்தேகம் கிடையாது.

சாவியை முதலாளியின் மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்தேன். திருட்டு என்றும் சொல்லலாம். ஈரத் துணியால் குங்குமத்தைத் துடைத்தேன். முதலில் மீட்டரையே நம்பலாமா என்று பார்க்க, எங்களிடம் இருந்த பழைய ரேடியம் ஊசியை மீட்டரின் அளக்கும் குடுவைக்குள் விட்டேன். ரேடியம் நம் ஆயுசுக்குள் குறையாது. முள் சரியான இடத்தில் போய் நின்றது. பிறகு விதைகளை ஒவ்வொன்றாக நீளமான இடுக்கியால் எடுத்து உள்ளே விட்டேன். எல்லாமே காகிதத்தில் இருந்ததில் பாதிக்கும் கீழே. பாதிக்கும் கீழே என்று கணக்கும் சொன்னது. இரண்டு தரம் அளந்தேன். தைரியத்தால் அல்ல, ஒரு தரமாவது தப்பாக வந்து என்னைக் காப்பாற்றாதா என்றுதான்.

பதிவேட்டில் அந்த எண்ணை எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். அதற்குக் கீழே சர்ஜனுடைய கையெழுத்துக்கு ஒரு கோடு உண்டு. கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

பார்த்தார். பேனாவைத் திறந்தார். மூடினார்.

"இப்படி எழுதினா நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"வேற மாதிரி எழுதணும்னா நீங்க எழுதிக்கோங்க சார். எங்கிட்ட மை தீந்துருச்சு."

வெளிநாட்டில் படித்தவர் அந்தக் கோட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையெழுத்து என்றால் என்னவாக இருந்தாலும் அவருக்குச் சம்மதம். தன் கையெழுத்து என்றதும் இயற்பியல் ஞாபகம் வந்துவிட்டது. எழுந்து முதலாளி அறைக்குப் போனார். கதவு திறந்துதான் இருந்தது. வீரியம் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவே இல்லை.

"இன்னிக்கு பேஷண்ட் நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமமாம். அடுத்த வாரம் வச்சுக்கலாம். புதுசாவே வரவழைச்சுடலாம்."

"அதை மொதல்லயே சொல்றதில்லீங்களா டாக்டர்," என்றார் முதலாளி பதறிப்போய். "உசுரு சமாச்சாரம்."

பஸ் ஏறிச் சாவடிக்கு அலைந்து, சாவி திருடி, விதை விதையாக அளந்து நான் நிரூபிக்கப் பார்த்ததைச் சந்திராஷ்டமம் அரை நிமிஷத்தில் முடித்துக்கொடுத்தது. நான் எந்தப் பட்டமும் வாங்காமல் ஜோசியம் படித்திருக்கலாம்.

அடுத்த பெட்டியை வாங்க நானே கோயமுத்தூர் போனேன். வாளையார் வழியாக வந்தோம். டிரைவர் வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மச்சான் வீட்டில் கறிச் சோறாம். மறுநாள் காலை இருபது விதையையும் அளந்ததில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மெலிந்திருந்தது. அதை ஒதுக்கிவிட்டு, உபரியாக அனுப்பியிருந்ததில் ஒன்றைச் சேர்த்தேன். சர்ஜன் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். பாலக்காட்டு டாக்டர்களிடம், முதல் சரக்கைத் தான் நிராகரித்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் தலையாட்டினேன்.

விதை வைத்தவரைச் சில நாள் தனி அறையில் போடுவோம். யாரும் பக்கத்தில் அதிக நேரம் நிற்கக் கூடாது. நான் கையில் பிடிக்கும் சின்ன மீட்டரோடு வாசலில் நின்று உள்ளே நீட்டிப் பார்ப்பேன். மூன்றாம் நாள் அவர் தலையைத் திருப்பினார்.

"நல்ல சரக்குதானப்பா?"

"இருபதும் நான் அளந்ததுங்க."

போர்வையை மார்புவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எனக்கு முன்னால இங்க வெதை வச்சிக்கிட்டவக யாரும் இருக்காகளா?"

"மூணு பேருங்க."

"அவுகளுக்கும் இப்படி ஒண்ணொண்ணா பாத்துத்தான் வச்சீகளா?"

எனக்கு எதற்கும் ஒரு ஜோக் வரும். இந்தத் தடவை மீட்டரைப் பார்த்தேன். முள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"பாத்தோமுங்க," என்றேன்.

"அது போதும்ப்பா," என்று சொல்லிவிட்டு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.