சாட்டைச்சாமி திருந்தி வந்த கதை

சின்னப்பிள்ளை பெற்ற இரண்டு பெண்களில் மூத்தவள் பேர் அழகி. இளையவளைப் பேய் ஓட்டுகிறேன் என்று அடித்தே கொன்றவன், அரிமளம் பக்கத்தில் சாட்டைச்சாமி என்று பேரெடுத்த சோலையப்பன். அடி விழும்போது அவள் கையையும் காலையும் பிடித்துக்கொண்டவர்கள் அவனுடைய அடியார்கள். ஜெயிலுக்குப் போனவன் ஐம்பத்தெட்டாம் வருசம் திரும்பி வந்தான்.

கோயில் பொட்டலில் ஊர் கூடியது. பழைய சாட்டையை அழகியிடம் கொடுத்து முதுகைக் காட்டினான்.

"நான் திருந்திட்டேன் தாயி. ஆத்திரம் தீர அடி. ஊருக்குள்ள இருக்க மட்டும் விடு."

அழகி அடித்தாள். தோல் பிய்ந்து வேட்டியில் ரத்தம் இறங்கியது, அவன் முனகவில்லை.

"மனுசன் மாறிட்டாருப்பா" என்றது கூட்டம்.

அடியார்களுக்குத்தான் பொறுக்கவில்லை. பாய்ந்து வந்து அழகியின் கொண்டையைப் பிடித்துத் தள்ளி மிதித்தார்கள்.

"விடுங்கடா அவள!"

சோலையப்பன் ஒரு சத்தம்தான் போட்டான். அத்தனை பேரும் கைகட்டி ஒதுங்கினார்கள்.

அழகி ரத்தத்தைத் துப்பிவிட்டு எழுந்தாள். "நீ திருந்தியிருப்ப, இல்லேங்கல. அன்னைக்கு நீ பிடிங்கடான்ன, பிடிச்சாங்க. இன்னைக்கும் ஒன் சொல்லுக்குத்தானே நிக்கிறாங்க? ஒன் பேச்ச யாரும் கேக்காத ஊராப் பாத்துப் போ."

அறந்தாங்கி ரோட்டில் இறங்கி நடந்தான். அடியார்களும் பின்னாலேயே போனார்கள். கல்லை எடுத்து எறிந்து விரட்டினான். மண்டை உடைந்தும், "சாமி, சாமி" என்று தொடர்ந்தே போனார்கள்.