இரண்டாவது கியர்

எண்ணூர்த் துறைமுகத்தில் புதுக் கார்களைக் கப்பலுக்குள் ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்துகிறவர் அவர். வண்டியில் கீறல் விழாமலிருக்க மோதிரத்தின் மேல் நீல டேப் சுற்றியிருப்பார். வேலை முடிந்து டீ குடிக்கும்போதும் அதை உரிக்கமாட்டார்.

டீக்கடையை ஒட்டிய மெக்கானிக் ஷெட்டில் கூரையில்லாத, இரண்டே இருக்கைகள் கொண்ட சிவப்புக் கார் ஒன்று விற்பனைக்கு நின்றது. மூன்றாம் நாளாக அதைச் சுற்றிச் சுற்றி வந்த என்னிடம் கேட்டார்.

"வூட்ல எத்தினி பேரு சார்?"

"நாலு."

"மீதி ரெண்டு பேரு எங்க குந்துவாங்க? கன்டெய்னர் லாரி பின்னால போனா தலையெல்லாம் கரித்தூளு. மழ வந்தா நனைஞ்சிகினே போவணும். வாணாம் சார்."

"நீங்களா இருந்தா?"

காரையே பார்த்தபடி சொன்னார்.

"தெனம் எத்தினியோ புது வண்டி ஓட்றேன் சார். ஒண்ணுல கூட ரெண்டாவது கியர தாண்டுனதில்ல."

என்னை வாங்க வேண்டாம் என்றவர், ஷெட்காரரிடம் சாவிக்குக் கை நீட்டினார். விரலில் டேப் இல்லை.