அம்மா வீட்டு மாடி தெரியும் ஜன்னல்

கடலூரில் இருந்துகொண்டு சிதம்பரத்தில் ஓட்டல் தேடுகிறவளை என் வீட்டுக்காரர் அதுவரை பார்த்ததில்லை. "பஸ் ஏறினா ஒரு மணி நேரம். அங்க உங்க அம்மா வீடே இருக்கு. ரூம் எதுக்கு? பாண்டிக்குப் போவோம், இல்லாட்டி தஞ்சாவூருக்குப் போவோம்," என்றார். மார்கழிக் குளிர், வருஷக் கடைசி விடுமுறை. மகன் கல்லூரி நண்பர்களோடு ஊட்டிக்குப் போய்விட்டான். நாமும் எங்கேயாவது இரண்டு நாள் போய்த் தங்கலாம் என்று ஆரம்பித்ததே நான்தான். ஆனால் எனக்குச் சிதம்பரம்தான் வேண்டும், அதுவும் ஓட்டலில்.

காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. இப்போது சொல்வதற்கென்ன, பொறாமைதான். அண்ணன் மனைவி மேல் பொறாமை.

பக்ரீதுக்குப் போயிருந்தபோது மாடியில் என் அறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள் அண்ணி. என் பீரோ மாடிப்படிக்கு அடியில் நின்றது. எனக்கு ஹாலில் பாய். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அம்மா என்னை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு மாத்திரைக்கு அண்ணியைக் கூப்பிட்டாள், கண்ணாடிக்கு அண்ணியைக் கூப்பிட்டாள், காலில் தைலம் தடவவும் அண்ணியைத்தான் கூப்பிட்டாள். நான் எழுந்தால், "எது எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாது, நீ உக்காரு" என்றாள். பிறந்து வளர்ந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதாம். அன்று பிரியாணி எனக்கு இறங்கவில்லை.

கட்டிக்கொடுத்த பெண் பிறந்த ஊருக்கு வந்து ரூம் போட்டுத் தங்குவது எங்கள் பக்கத்தில் சாதாரண விஷயம் இல்லை. வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டவர்கள்தான் அப்படிச் செய்வார்கள். தெருவில் பேச்சு வரும். வரட்டும் என்றுதான் இருந்தேன். அம்மா பதறிப்போவாள், "எம் பொண்ணு ஓட்டல்ல தங்கற மாதிரி ஆயிடுச்சே" என்று அண்ணியைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்பாள். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வேண்டியிருந்தது.

போனில் ஓட்டல் ஓட்டலாகப் பார்த்தோம். ஏசி, வெந்நீர், காலை டிபன், தங்கியவர்கள் எழுதிய குறைகள் எல்லாவற்றையும் அவர் சத்தமாகப் படித்தார். நான் படங்களைப் பெரிதாக்கி ஜன்னலை மட்டும் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒன்று பளிச்சென்று இருந்தது, வேண்டாம் என்றேன். கோயில் வீதியில் ஒன்று வாடகையும் குறைவு, அதுவும் வேண்டாம் என்றேன். கடைசியில் எங்கள் தெருவுக்குப் பின்தெருவில், லிஃப்ட் ஓயாமல் மக்கர் பண்ணுகிறது என்று பாதிப்பேர் திட்டியிருந்த ஓட்டலைப் பிடித்தேன். மூன்றாவது மாடி, பின்பக்கம். அங்கிருந்து எங்கள் மொட்டைமாடி தெரியும்.

"பின்பக்க ரூம்ல வெறும் வீட்டு மாடிங்கதான் தெரியுதுன்னு எழுதியிருக்கான்," என்றார் அவர்.

"அதையே போடுங்க," என்றேன்.

அறைக்குப் போய் முகம் கழுவி உட்கார்ந்த பிறகு, நானே அம்மாவுக்குப் போன் பண்ணுவதாகத் திட்டம். ஆனால் ரிசப்ஷனிலேயே எல்லாம் கெட்டுப்போனது. அங்கிருந்த பையன் என் ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். "லோக்கல் அட்ரஸுக்கு ரூம் தர்றதில்ல மேடம்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் ஆதாரில் முகவரியை மாற்றவே இல்லை. சோம்பல் என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன். உண்மையில் மனசு வரவில்லை. என் பெயரும் அந்த வீட்டுக் கதவு எண்ணும் சேர்ந்து இருக்கிற ஒரே இடம் அதுதான்.

"நாங்க புருஷன் பொண்டாட்டிப்பா," என்றார் அவர், தன் நரைத்த தாடியைக் காட்டி.

"அட்ரஸ் வேற வேறயா இருக்கே சார். ஊர்ல தெரிஞ்சவங்க யாராச்சும் வந்து சொன்னா குடுக்கலாம்."

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவர் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டார். எடுத்தது அண்ணி. கொஞ்ச நேரத்தில் ஆட்டோ வந்து நின்றது. புர்காவைச் சரிசெய்துகொண்டே விறுவிறுவென்று உள்ளே வந்தாள்.

"வீடு இருக்கறப்ப ரூமா? நாலு பேரு என்னைத்தானே கேப்பாங்க?" என்றாள் என்னிடம். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது என்பதை மறைப்பானேன். பிறகு பையனிடம் திரும்பி, "இவங்க எங்க வீட்டுப் பொண்ணு. குடுப்பா," என்று தன் ஆதாரை எடுத்து வைத்தாள். மேசை மேல் இரண்டு அட்டைகளிலும் ஒரே தெரு, ஒரே கதவு எண். பையன் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவள் சொன்னதும் சாவியை நீட்டினான்.

எங்கள் வீட்டுப் பெண் என்று எனக்கு அவள் சான்று சொல்லவேண்டியிருக்கிறது. சாவியை வாங்கிய கை கூசியது.

"மாமி ஆட்டோல இருக்காங்க. முட்டி வலி, எறங்கல," என்றாள். ஓடினேன். இனிமேல்தான் அம்மா அந்த வார்த்தையைக் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

அம்மா என் கன்னத்தைத் தடவினாள். "நல்லதாப் போச்சு. அங்க வந்தா ஹால்ல படுத்து முதுகு வலிக்குதும்பே. இங்க கட்டில் இருக்குல்ல? மத்தியானம் ரெண்டு பேரும் சாப்பாட்டுக்கு வந்துட்டுப் போங்க." பிறகு என் தோளுக்கு மேலாக அண்ணியைப் பார்த்து, "வாம்மா, நம்ப வீட்டுக்குப் போலாம். துணியெல்லாம் மாடியில கெடக்கு," என்றாள்.

ஆட்டோ போய்விட்டது. லிஃப்ட் ஓடவில்லை, படியேறினோம். அறை நன்றாகத்தான் இருந்தது. ஜன்னலைத் திறந்தேன். நான் கணக்குப் போட்டது தப்பவில்லை, எங்கள் மொட்டைமாடி கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. அண்ணி மேலே வந்து கொடியிலிருந்து அம்மாவின் வெள்ளைத் துப்பட்டியை எடுத்து, உதறி, மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். நிமிர்ந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். சிரித்தபடி கையை ஆட்டினாள்.

நான் திரையை இழுத்து மூடினேன்.

"என்ன தெரியுது?" என்று கட்டிலில் கால் நீட்டியபடி அவர் கேட்டார்.

"வெறும் வீட்டு மாடிங்கதான்," என்றேன்.