பொருந்தாத குணகங்கள்

சோவியத் ஒன்றியம் கலைந்த அடுத்த வருடம், மாஸ்கோவில் கட்டடங்களைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்கள் இன்னும் சூடேறாத ஓர் அக்டோபர் காலையில், இயற்பியல் ஆய்வகத்தின் பிரிவுத் தலைவர் கென்ரிக் ஒஸிபவிச் தாய்சியாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. மேஜைமேல் கிடந்த தாள்களை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, மேலங்கியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றார்.

"கடைசிப் பக்கத்தைப் பாரு, தாய்சியா."

பெல்ஜியத்தில் இருவர் சேர்ந்து எழுதிய கட்டுரை. இன்னும் அச்சேறவில்லை. கடைசிச் சூத்திரத்தை அவள் இரண்டு முறை படித்தாள்.

"இது நம்மளோடது."

"நம்மளோடதேதான். இந்த அறையைத் தாண்டி வெளிய போகலன்னு நெனச்சுட்டிருந்தேன்."

அந்தச் சூத்திரம் மூன்றே பேருக்குத் தெரியும். அவர், அவள், அப்புறம் கேஷா. இன்னகெந்தி என்பது முழுப்பெயர். ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவன் கேஷாதான். அவன் வசந்த காலத்தை பெல்ஜியத்தில் கழித்துவிட்டு வந்தவன். இருவரும் அவன் பெயரைச் சொல்லவில்லை.

தாய்சியா யாருடைய கணக்கையும் நம்பமாட்டாள். தன்னுடையதையும் சேர்த்துத்தான். சேர்ந்த புதிதில், தலைவரே அச்சிட்டுவிட்ட ஒரு கட்டுரையில் கழித்தல் குறி ஒன்று தவறு என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். அன்றோடு வேலை போயிற்று என்று சக ஆட்கள் நினைத்தார்கள். அவரோ மறுநாளிலிருந்து எந்தக் கட்டுரை வெளியே போவதானாலும், "தாய்சியா பாத்தாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார். அதற்கு முன்பே அவளுக்கு ஒரு பட்டறிவு உண்டு. பட்ட ஆய்வின்போது அவள் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து போட்ட கணக்கை, அவளுக்கு மேலே இருந்த ஒருவர் தன் பெயரில் வெளியிட்டுக்கொண்டார். அவள் பெயர் அடிக்குறிப்பில்கூட இல்லை. அந்த மனிதர் அவளுக்குப் பிறந்தநாள்தோறும் பூ வாங்கித் தந்தவர். அதிலிருந்து பூ தருகிறவர்களைக் கண்டாலே அவள் ஓர் அடி தள்ளி நிற்பாள்.

அவர்கள் மூவரும் செய்துகொண்டிருந்த வேலை உலகத்தில் வெகு சிலருக்கே பிடிபடுவது. ஒளியின் புலத்துக்குச் சுழற்சி எண் ஒன்று. ஈர்ப்புக்கு இரண்டு. மூன்று, நான்கு என்று மேலே போகிற புலங்களை யாரும் கண்டதில்லை. அப்படி இருக்கக் கூடாதென்று சமன்பாடுகள் தடுக்கவும் இல்லை. ஒவ்வொன்றையும் தனியே விட்டால் அடக்கமாக இருக்கும். ஒன்றோடொன்று, முக்கியமாக ஈர்ப்போடு, பழகவிட்டால் அவற்றைக் கட்டிக் காக்கிற சமச்சீர்மை உடைந்து கணக்கு கந்தலாகிவிடும். அண்டவெளியே சற்று வளைந்திருந்தால் அதற்கு ஒரு வழி உண்டு என்பது முன்பே தெரிந்த சங்கதி. அந்த வழியில் எந்தப் புலம் எதோடு எவ்வளவு பழகலாம் என்று சொல்லும் குணகங்களை இவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். அந்தக் குணகங்கள்தான் இப்போது பெல்ஜியத்துத் தாளில் அப்படியே இருந்தன.

அன்றிலிருந்து தாய்சியாவின் கண் கேஷாவை விடவில்லை. இருவருக்கும் ஒரே அறை. அவள் உள்ளே வந்தால் அவன் கணினித் திரையில் இருந்ததை மூடிவிடுவான். முன்பும் மூடினானா? நினைவில்லை. தொலைபேசியில் பேசினால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான். பெல்ஜியத்திலிருந்து வாங்கிவந்த காலணி வேறு, நல்ல தோல். யார் வாங்கிக் கொடுத்தது? கோடையில் ஒருநாள் அவளுடைய கைப்பிரதியைக் கேட்டு வாங்கிப் போனானே, எதற்கு? ஒவ்வொன்றாக எடுத்துவைக்க வைக்க எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன. அப்படி எல்லாம் ஒரே பக்கம் சாயும்போது கணக்கில் அவள் சந்தேகப்படுவாள். மனிதர் விஷயத்தில் அவளுக்கு அது தோன்றவில்லை.

அவள் கணவன் ரொமான் ஒரு காலத்தில் விமான எந்திரப் பொறியாளர். இப்போது விளையாட்டரங்கச் சந்தையில் துருக்கி ஸ்வெட்டர் விற்றுக்கொண்டிருந்தான். இரவுச் சாப்பாட்டின்போது அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"யாரும் பாக்காத ஒண்ணை, உங்க ஆய்வகத்துலேர்ந்து ஒருத்தன் திருடிட்டான்னு சொல்ற. இதை வாங்க ஆள் இருக்கா?"

"கிண்டல் பண்ணாத, ரோமா."

"கிண்டல் இல்லம்மா. சந்தையில எங்கிட்ட திருடறவனுக்கு குளிருது, ஸ்வெட்டர் வேணும். இந்தப் பையனுக்கு என்ன வேணும்?"

"அவங்ககிட்ட நல்ல பேரு."

"நேர்ல கேட்டியா?"

"கேட்டா இல்லன்னுதான சொல்வான்."

"அப்ப கேக்கவே வேணாம். மொதல்லயே தீர்ப்பு எழுதிட்ட." ரொமான் உருளைக்கிழங்கைத் தன் தட்டிலிருந்து அவள் தட்டுக்குத் தள்ளினான். "சாப்பிடு. இதுல விஷம் இல்ல, நானே வேகவெச்சேன்."

மறுநாள் ஆய்வக உணவுக்கூடத்தில் கேஷா பக்வீட் தானியக் கஞ்சியோடு எதிரே வந்து உட்கார்ந்தான். தாய்சியாவால் பொறுக்க முடியவில்லை. தாள்களை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் புரட்டினான். கடைசிப் பக்கத்தில் கரண்டி நின்றுவிட்டது.

"முந்திக்கிட்டாங்க" என்றான் மெதுவாக.

"முந்திக்கிட்டாங்களா, முந்தவெச்சாங்களா?"

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முகம் காது மடல்வரை சிவந்தது.

"தாய்சியா பிளத்தோனவ்னா, நீங்க என்ன கேக்குறீங்க?"

"அங்க இருந்தப்ப யார்கிட்டயாவது சொன்னியா?"

"ஒரு வார்த்தை சொல்லல."

"அப்புறம் ஏன் நான் வந்தா திரையை மூடுற? போன்ல யார்கிட்ட குசுகுசுன்னு பேசற?"

அவன் கரண்டியைக் கஞ்சியில் குத்திவைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினான். அவளுக்கு அதுவே போதுமாயிருந்தது. பக்கத்து மேஜையில் பேச்சு நின்றது. கேஷா எழுந்தான்.

"ஒண்ணு சொல்றேன். வசந்தத்துக்கு முன்னாடியே நம்ம கட்டுரையை அனுப்பியிருக்கலாம். கென்ரிக் ஒஸிபவிச் சரின்னார், நானும் சரின்னேன். 'இன்னொரு தடவை பாக்கணும்'னு இழுத்தது யாரு? பறிகொடுத்தது நீங்க. பழி மட்டும் எனக்கா?"

கஞ்சியை அப்படியே விட்டுவிட்டுப் போனான். அடுத்த நாளிலிருந்து ஆய்வகத்துக்கு வரவில்லை.

அவன் வராததே ஒப்புதல் என்று தலைவருக்குப் பட்டது. பெல்ஜியத்துக்குக் கண்டனம் எழுதுவதென்று முடிவெடுத்தார். "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, எது எங்கேர்ந்து எடுத்ததுன்னு காட்டிக் கொடு. உன்னைவிட்டா வேற யாருக்கு வரும்?" என்றார். தாய்சியா முழு மனதோடு ஒத்துக்கொண்டாள். அவனைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுப்பதற்காகத்தான் அந்த வேலையில் உட்கார்ந்தாள்.

எப்படிப் பிடிப்பது? விடை ஒன்றாக இருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதை அவள் முதலிலேயே தள்ளிவைத்தாள். சமச்சீர்மை வேறு குணகத்துக்கு இடமே தருவதில்லை. நேர்மையாகத் தொடங்குகிற யாரும் அங்கேதான் வந்து நிற்பார்கள். ஆனால் வழியில், கணக்குப் போடுகிறவரின் விருப்பத்துக்கு விடப்பட்ட இடங்கள் நிறைய உண்டு. புலத்தை இப்படி எழுதலாம், அதோடு இன்னொரு பகுதியைக் கலந்து அப்படியும் எழுதலாம். இயற்கைக்கு இரண்டும் ஒன்றே. அந்தத் தேர்வு எழுதுகிறவரின் கைப்பழக்கம். திருடன் விடையை மட்டும் எடுத்துப் போவதில்லை, எடுத்த கையின் பழக்கமும் ஒட்டிக்கொண்டு போகும். கேஷாவுக்கு அப்படி ஒரு பழக்கம் உண்டு. தொடக்கத்திலேயே ஓர் உறுப்பை விநோதமாக இடம் மாற்றி எழுதுவான். அது பெல்ஜியத்துத் தாளில் இருந்துவிட்டால் கதை முடிந்தது.

இல்லை. அங்கே புலத்தின் வரையறையே வேறாக இருந்தது. தாய்சியா நம்பவில்லை. கெட்டிக்காரத் திருடன் சட்டையை மாற்றிப் போட்டுக்கொள்வான். எனவே ஒரு தாளிலிருந்து மற்றதற்குப் போகும் மாற்றத்தையே வரிவரியாகப் போட்டாள். அடித்தாள், மறுபடி போட்டாள். ஜன்னலுக்கு வெளியே பிர்ச் மரங்கள் இலை கொட்டி முடித்தன. கடைசியில் கண்ணில் பட்டது அவள் தேடாத ஒன்று. இவர்கள் தேர்ந்த வழியில் ஓர் உறுப்புக் கூட்டம் ஆரம்பத்திலேயே பூச்சியமாகிவிடும். பெல்ஜியக்காரர்கள் அந்தக் கூட்டத்தைக் கட்டுரையின் பாதிவரை சுமந்து, வேர்த்து விறுவிறுத்து, இறுதியில் ஒன்றோடொன்று அடித்துத் தீர்த்திருந்தார்கள். இவர்களுடைய தாளை ஒருமுறை பார்த்திருந்தால் அந்தச் சுமையைத் தூக்கியிருக்கவே மாட்டார்கள். வேஷம் போடுகிறவன் இதைவிட லேசான வேஷமாகத்தான் போடுவான்.

அவள் பேனாவை வைத்துவிட்டு வெகுநேரம் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். குளிரில் விரல்கள் மரத்திருந்தன.

"கண்டனம் வேணாம்" என்று தலைவரிடம் சொன்னாள். "அவங்களாத்தான் போட்டிருக்காங்க."

"உறுதியா?"

"மூணு விதமாப் பாத்துட்டேன்."

அவர் முகத்தில் நிம்மதியைவிட ஏமாற்றமே அதிகம் தெரிந்தது. திருடு போயிருந்தால் முதலில் கண்டவர் என்ற பெயராவது மிஞ்சியிருக்கும்.

சனிக்கிழமை தாய்சியா மின்ரயிலேறினாள். நகருக்கு வெளியே கேஷாவின் மாமியாருக்கு ஒரு தோட்டவீடு உண்டு. கேஷா ரப்பர் பூட்ஸோடு சேற்றில் நின்று பிந்திப்போன முட்டைக்கோஸை வெட்டிக்கொண்டிருந்தான். வேலிக்கு இப்பால் நின்றே அவள் சொன்னாள்:

"கேஷா, நான் தப்பு பண்ணிட்டேன். கணக்கைப் போட்டுப் பாத்தேன். நீ சொல்லல."

"ஓ. கணக்கு எனக்குச் சாட்சி சொல்லிச்சா?" அவன் நிமிரவில்லை. "நான் சொன்னப்ப நம்பல. குணகம் சொன்னா நம்புறீங்க."

"ஆமா."

"ஒருவேளை தற்செயலா அந்தத் தேர்வும் பொருந்தியிருந்தா? ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி தோணக் கூடாதா?"

தாய்சியா பொய் சொல்ல நினைத்தாள். வாய் வரவில்லை.

"அப்ப நான் உன்னை நம்பியிருக்கமாட்டேன்."

அவன் கத்தியை மண்ணில் குத்தி வைத்துவிட்டுச் சிரித்தான். சந்தோஷமான சிரிப்பு இல்லை. "ஒண்ணு மட்டும் ஒத்துக்கணும். பொய் பேச வரல உங்களுக்கு."

அதற்குள் அவன் மனைவி நெல்லி வாசலுக்கு வந்து, குளிரில் ஏன் நிற்கிறீர்கள் என்று உள்ளே இழுத்துப் போனாள். சண்டை பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாதுபோல. கருந்திராட்சை ஜாமும் தேநீரும் வைத்துக்கொண்டே, "ஸ்வீடன்ல குழந்தைங்க பள்ளிக்கூடம் எப்படின்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். கேஷா மேஜை விரிப்பைப் பார்த்தான்.

மூடிய திரையிலும் சுவரைப் பார்த்த தொலைபேசியிலும் இருந்தது அதுதான். அவன் ஸ்வீடனில் வேலை தேடிக்கொண்டிருந்தான். தலைவரிடம் சொல்லத் துணிவில்லாமல் மறைத்திருந்தான். அவருடைய பழைய மாணவர்கள் ஏற்கெனவே ஒவ்வொருவராக வெளிநாடு போய்விட்டிருந்தார்கள்.

"நீங்க போய்ச் சொல்லிடுவீங்களா?" என்று வாசலில் கேட்டான்.

"சொல்லமாட்டேன்."

"நான் நம்பணும்?"

அவள் ரயில் நிலையத்தைப் பார்த்து நடந்தாள். யாரிடமும் அவள் சொல்லவில்லை. டிசம்பரில் அவனே தலைவரிடம் சொன்னான்; கிழவர் ஒருநாள் முழுக்க அறைக் கதவைத் திறக்கவில்லை.

இவர்களுடைய கட்டுரை பெல்ஜியத்தார் கட்டுரைக்குப் பின்னால் வெளிவந்தது, இரண்டும் தனித்தனியே கண்டவை என்ற ஒரு வரியோடு. வழி குறுகியது என்பதால் சிலர் இதைத்தான் எடுத்தாண்டார்கள். பனி உறைந்த மாதத்தில் கேஷா குடும்பத்தோடு ஸ்வீடனுக்குக் கிளம்பினான். வழியனுப்பு விழாவுக்கு அவளையும் கூப்பிட்டான், தூரத்து உறவினரைக் கூப்பிடுவது போல. அவள் போனாள், ஓரமாக உட்கார்ந்தாள், சீக்கிரம் எழுந்தாள்.

சில மாதம் கழித்து ஸ்வீடனிலிருந்து மின்னஞ்சல் வந்தது. புதிதாகப் போட்ட கணக்கு, நீளமானது. மேலே ஒரே வரி: எங்கே தப்பென்று பாருங்கள். நலம் விசாரிக்கவில்லை. தாய்சியா இதை எப்படி எடுத்துக்கொள்வதென்று தெரியாமல் ரொமானிடம் சொன்னாள்.

"மன்னிச்சுட்டான்போல" என்றான் அவன்.

"குத்திக் காட்டுறானோ என்னவோ."

"அதையும் கணக்குப் போட்டுத்தான் பாக்கணுமா?"

மறுநாள் அவள் பக்கங்களை அச்செடுத்து வந்து, சமையலறை விளக்கடியில் முதல் சமன்பாட்டிலிருந்து சரிபார்க்கத் தொடங்கினாள். எட்டாம் பக்கத்தில் ஒரு கழித்தல் குறி அவள் கண்ணில் இடறியது; பென்சிலால் வட்டமிட்டாள்.