குளிரில் விழாத கியர்

அப்பா குவைத்துக்குப் போன வருஷம், மார்கழி முழுக்க எங்கள் தெருவை எழுப்பிவிட்டவள் அம்மாதான். விடிவதற்கு முன்பே சாமந்தி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பிக்கப் வண்டியைக் கிளப்புவாள். முதல் கியர் எப்படியோ விழுந்துவிடும். வாசலைத் தாண்டி இரண்டாவதுக்கு மாற்றும்போதுதான் வண்டியின் வயிற்றுக்குள் யாரோ கருங்கல்லை அரைப்பது போல ஒரு சத்தம் எழும். நாய்கள் குரைக்கும். எதிர் வீட்டில் விளக்கு எரியும். அம்மா கிளட்சை மறுபடி மிதித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, உள்ளங்கையால் கியரைத் தள்ளுவாள். தள்ளித் தள்ளி அவள் கையில் காப்புக் காய்த்திருந்தது.

நான் அப்போது நான்காம் வகுப்பு. வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால், போர்வையோடு என்னையும் தூக்கிப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துவிடுவாள். கடத்தூரிலிருந்து தர்மபுரி பூ மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பி, அப்படியே பள்ளிக்கூடம். வகுப்புப் பையன்கள் என்னைக் கண்டதும் கையைக் கியர் மாதிரி ஆட்டி, "கர்ர்ர்" என்று கத்துவார்கள். கொஞ்ச நாளில் அதுவே என் பெயராகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டை நான் கைப்பம்புக்குப் பின்னால் தனியாகப் போய்ச் சாப்பிடத் தொடங்கினேன்.

அப்பா ஓட்டியபோது இந்தச் சத்தம் ஒரு நாளும் வந்ததில்லை. எங்கள் வீடு மேட்டில் இருந்தது. அப்பா இருட்டோடு எழுந்து, வண்டியோடு எங்கோ போய்விட்டு வருவார். அது வாசலில் வந்து நிற்கும் சத்தத்தில்தான் நாங்கள் கண் விழிப்போம். ரோட்டோரம் டீ குடிக்கப் போகிறார் என்று அம்மா நினைத்திருந்தாள். "வூட்ல போடற டீ தொண்டைல எறங்க மாட்டேங்குது போல" என்று பலநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் உண்டு. அப்பா சிரித்துக்கொண்டே மூட்டைகளை ஏற்றுவார்.

கோடைக்காலத்தில் லைசென்ஸ் எடுத்த அம்மாவுக்குக் குளிர்காலம் வரும்வரை ஒரு கஷ்டமும் இல்லை. சத்தம் ஆரம்பித்ததும் பெரியப்பா தலையிட்டார். அப்பாவுக்கு மூத்தவர், அடுத்த தெரு. ஒரு மத்தியானம் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். நல்ல வெயில். மெக்கானிக் ஓட்டிப் பார்த்தபோது விரலால் தொட்டாலே கியர் விழுந்ததாம். பெரியப்பா வாசலில் நின்று, நாலு பேர் காதில் விழும்படி தீர்ப்புச் சொன்னார்:

"வண்டி நல்லாத்தாம்மா இருக்குது. கைதான் சரியில்ல. பொங்கலு முடியட்டும், சாவிய எம் பையங்கிட்ட குடுத்துடு. கியர்பாக்ஸ் ஒடைஞ்சா தம்பிக்கு யாரு பதிலு சொல்றது?"

அம்மா அதை நம்பிவிட்டாள் என்றுதான் இப்போது தோன்றுகிறது. அதற்குப் பிறகு பல மத்தியானங்களில், நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, நின்றிருக்கும் வண்டிக்குள் அம்மா தனியாக உட்கார்ந்திருப்பாள். இன்ஜின் ஓடாது. கிளட்சை மிதிப்பாள், கியரை மாற்றுவாள், விடுவாள், மறுபடி மிதிப்பாள். என்னைப் பார்த்ததும் சீட்டைத் துடைப்பது போல ஏதாவது செய்வாள். வெள்ளிக்கிழமை அப்பா போன் செய்தால், "வண்டி நல்லா ஓடுதுங்க" என்பாள். தெருவில் அவளிடம் வண்டியைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. ஆனால் அவள் பேசுவதற்கு ஒருவரும் இல்லை.

பொங்கலுக்கு முந்தைய வாரம், பனி கண்ணாடியை மறைத்த ஒரு காலையில், சரிவில் இறங்கி ரோட்டைத் தொட்டதும் வண்டி அணைந்துவிட்டது. அம்மா மறுபடி கிளப்பினாள். இரண்டாவது விழவில்லை. அரைத்தது, உதறியது, மறுபடி அணைந்தது. அம்மா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் குனிந்துவிட்டாள். பின்னால் மூட்டைகளில் பூ இருந்தது. மார்க்கெட்டில் நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் போர்வைக்குள் அசையாமல் இருந்தேன்.

ரோட்டோர டீக்கடை அக்கா அப்போதுதான் அடுப்பு மூட்ட வந்திருந்தார். தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்தார்.

"அதுங்கிட்ட ஏம்மா மல்லு கட்ற? குளுருக்கு உள்ள ஆயிலு கட்டியாயிருக்கும். கியர நூட்டர்ல போட்டு செத்த நேரம் ஓட வுடு. உங்க வூட்டுக்காரரு தெனமும் இந்த எடத்துலதான நிறுத்துவாரு."

அம்மா தலையைத் தூக்கினாள். "இங்கியா? டீ குடிக்கவாக்கா?"

"எங்க குடிச்சாரு? அவரு வரச்சே எனக்கு அடுப்பே எரியாது. மேட்டுலருந்து இன்ஜினு போடாம வண்டிய அப்படியே உருட்டிகினு வருவாரு. இங்க வந்துதான் ஸ்டார்ட் பண்ணுவாரு. உள்ளியே கையக் கட்டிகினு ஒக்காந்திருப்பாரு. வூட்டு வாசல்லயே பண்ணா என்னாங்கன்னு ஒருநாளு கேட்டன். தூங்கறாங்க, எழுந்துக்குவாங்கன்னாரு."

அம்மா வண்டியைக் கிளப்பி, கியரைத் தொடாமல், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இன்ஜின் சூட்டில் கண்ணாடியின் பனி மெல்லக் கரைந்தது. நன்றாக நேரம் கழித்து இரண்டாவதைப் போட்டாள். சத்தமே இல்லை. நான் கைதட்டினேன். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

பொங்கல் முடிந்ததும் பெரியப்பா சாவிக்கு வந்தார். அம்மா உள்ளே போய் எடுத்து வந்தாள். ஆனால் கையில் கொடுக்காமல், "நாளைக்கிக் காத்தால வந்து நீங்களே ஒரு நட ஓட்டிப் பாத்துட்டு எடுத்துக்குங்க மாமா" என்றாள். அவள் குரலில் கேலி கொஞ்சமும் இல்லை.

மறுநாள் பெரியப்பா மப்ளரைச் சுற்றிக்கொண்டு, மகனோடு வந்தார். கனைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். முதல் கியர் விழுந்தது. அடுத்தது கருங்கல். நாய்கள் வழக்கம்போலக் குரைத்தன. எதிர் வீட்டு விளக்கும் எரிந்தது. மறுபடி போட்டார், மறுபடி கருங்கல். இறங்கும்போது யாரையும் பார்க்காமல், "இந்த வருசம் பனி ஜாஸ்தி" என்றார். மகன் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தான். அம்மா சாவியை வாங்கிக்கொண்டாள். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, என்னைப் பின்னால் ஒரு கை தள்ளச் சொல்லி, ஓடிவந்து ஏறிக்கொள்ள வைத்து, வண்டியைச் சத்தமில்லாமல் சரிவில் உருட்டினாள்.

அந்த வெள்ளிக்கிழமைக்காக நான் காத்திருந்தேன். அம்மா எல்லாவற்றையும் அப்பாவிடம் சொல்வாள், பெரியப்பா மப்ளரோடு இறங்கிய கதையை நான் நடித்துக்காட்டலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். வழக்கமான விசாரிப்புகள் முடிந்தன. பிறகு அவள் கேட்டாள்:

"அங்க காத்தால குளுருதுங்களா?"

"எனக்கென்னா குளுரு, ரூம்ல கம்பளி இருக்குது. ஏன், என்னா ஆச்சி?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான் கேட்டன்."

அதோடு பேச்சு நின்றுவிட்டது. அம்மா போனைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தாள். அந்தப் பக்கமும் சத்தமில்லை. லைன் கட்டாகிவிட்டதென்று நினைத்து நான் போனைப் பிடுங்கி, "அப்பா, இருக்கீங்களா?" என்று கத்தினேன். "இருக்கறன் பாப்பா" என்றார் அப்பா, மெதுவாக.

அம்மா எழுந்து சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். நான் பெரியப்பா கதையை அவசர அவசரமாகச் சொல்லி முடித்தேன். அப்பா சிரித்தார். ஜெயித்த கதையைத் தானே சொல்லாமல், ஊரில் இல்லாதவரிடம் போய்க் குளிரை விசாரித்துவிட்டு எழுந்து போன அம்மாவின் மேல் எனக்கு அன்று முழுக்கக் கோபமாக இருந்தது.