கிளட்ச் மேல் போட்ட பழி

முந்தாநாள் என் காரை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தடவை நின்றுவிட்டது, அதனால். கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஒருவர் வந்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் செருகி, கையிலிருந்த திரையைப் பார்த்துப் பதினோரு கோளாறு என்று வாசித்தார். "எலி சார். ஒயரிங்க செட்டோட மாத்திருவோம்" என்றார். எந்த ஒயர் என்று கேட்டேன். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "செட்டாத்தான் சார் வரும்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பானெட்டைத் திறக்கச் சொல்லிக் குனிந்தேன். எலி மூத்திரம் எஞ்சின் சூட்டில் காய்ந்த அந்த வாடை குப்பென்று ஏறியது. அத்தோடு என் கோபம் இறங்கிவிட்டது. எலி விஷயத்தில் அடுத்தவனைக் கேள்வி கேட்க எனக்கு யோக்கியதை கிடையாது. ஏன் என்பதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

இப்போது நான் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். அதற்கு முன்னால் ஆறேழு வருஷம் புதுக்கோட்டை கீரனூர் ரோட்டில் கார் ஒயரிங் கடை வைத்திருந்தேன். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு தகரக் கொட்டகை, ஒரு பெஞ்சு, வாசலில் வேப்பமரம். ஆயுதம் என்று பார்த்தால் ஒரு டெஸ்ட் லைட். சின்ன பல்பு, அதன் ஒரு பக்கம் கிளிப், மறுபக்கம் ஊசி. கிளிப்பை வண்டியின் பாடியில் மாட்டிக்கொண்டு சந்தேகப்படுகிற ஒயரில் ஊசியால் குத்த வேண்டும். கரண்ட் வந்தால் பல்பு எரியும். குத்திக்கொண்டே போனால் எங்கே எரியாமல் போகிறதோ, அதற்குச் சற்று முன்னால் ஒயர் அறுந்திருக்கும். இவ்வளவுதான் வித்தை. இதை வைத்துக்கொண்டு நான் காட்டிய பந்தா இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது.

ஆனால் அந்த வித்தை செத்த ஒயருக்குத்தான் செல்லும். அரை உயிராகக் கிடக்கிற ஒயர் ஆளைக் கொன்றுவிடும். எலி மேல்தோலைத் தின்றுவிட்டு உள்ளே செம்பு இழையில் ஒன்றிரண்டை மட்டும் விட்டுவைக்கும். கடையில் வண்டி நிற்கும்போது அது ஒட்டிக்கொண்டிருக்கும், பல்பு ஜம்மென்று எரியும். ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் விலகும், வண்டி நிற்கும். கயிறு கட்டி இழுத்துவந்தால் வந்த குலுக்கலில் மறுபடி ஒட்டியிருக்கும். டாக்டரைப் பார்த்ததும் பல்வலி நின்றுபோகிற கதைதான். இப்படிப்பட்ட வண்டியை நாலு நாள் பார்த்தால் யார் மேலாவது பழி போடத் தோன்றும். எனக்குத் தோன்றியது.

அந்த வண்டி அந்தோணியுடையது. ஆவூர்ப் பக்கத்துக்காரர், குவைத்தில் வேலை, நாற்பத்தைந்து நாள் லீவில் வந்திருந்தார். முந்தின லீவில் வாங்கிய சின்னக் கார் இரண்டு வருஷமாகப் படுதா போட்டு மூடிக் கிடந்தது. வீட்டில் ஓட்டத் தெரிந்தவர் இல்லை. அவருடைய அம்மாவுக்கு இளைப்பு. மூச்சு முட்டினால் ஊரில் இருக்கிற ஒரே ஆட்டோ எங்கிருந்தாவது வந்து சேர்ந்தால்தான் ஆஸ்பத்திரி.

"இந்த லீவுல ஸ்டெல்லாவுக்கு ஓட்டக் கத்துக்குடுத்து, லைசென்சும் வாங்கிக் குடுத்துட்டுத்தாங்க ஃப்ளைட்டு ஏறுவேன்" என்றார். ஸ்டெல்லா அவர் மனைவி. பக்கத்தில்தான் நின்றார்.

"ஸ்கூலுக்கு அனுப்புறேன்னாக. நாந்தான் வேணாம்னுட்டேன். இவுக திட்டிச் சொல்லிக்குடுத்தா எனக்கு ரோசம் வராது" என்று சிரித்தார். எல்.எல்.ஆர். ஏற்கெனவே போட்டாகிவிட்டது. டெஸ்டுக்குத் தேதியும் வாங்கிவிட்டார்கள், அவர் கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால்.

எனக்கு வந்த வேலை சின்னதுதான். பேட்டரி மாற்ற வேண்டும், ஹாரன் பேச மாட்டேன் என்கிறது. மதியத்துக்குள் முடித்துவிட்டேன். மறுநாள் ஆயுத பூஜை. "பூஜை முடிச்சு எடுத்துக்கிறீங்களா? கடையில நிக்கிற வண்டிக்கெல்லாம் பொட்டு வைப்போம். உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டேன்.

"நல்லது எங்கிட்டு இருந்து வந்தா என்னங்க, வைங்க" என்றார் அந்தோணி.

ஆயுத பூஜை உங்களுக்குத் தெரியாததா. டெஸ்ட் லைட், ஸ்பேனர், குறடு எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி முன்னால் வைத்துவிட்டால் மறுநாள் காலை வரை தொடக் கூடாது. வண்டிகளுக்கு மாலை, டயருக்கு எலுமிச்சம்பழம். எல்லாக் கடையிலும் இவ்வளவுதான். நான் ஒரு படி மேலே போவேன். ஒயரிங்காரனுக்கு வண்டியின் உயிர் பானெட்டுக்குள்தானே? அதனால் பானெட்டைத் திறந்துவைத்து, பொரி, பொட்டுக்கடலை, இடித்த வெல்லம் எல்லாவற்றையும் குங்குமத்தோடு பிசறி, எஞ்சின் மேல் இரண்டு கையாலும் அள்ளித் தூவுவேன். என் கடையில் மட்டும்தான் இந்த மரியாதை என்று எனக்கு அதில் ஒரு பெருமை. மறுநாள் மேலாகத் துணியால் தட்டிவிட்டு வண்டியைக் கொடுத்துவிடுவேன்.

முதல் பத்து நாள் நன்றாகப் போயிருக்கிறது. காலையில் கண்மாய்க்கரை ரோட்டில் ஸ்டெல்லா ஓட்டப் பழகினார். பதினோராம் நாள் போன் வந்தது, ஓடிக்கொண்டிருந்த வண்டி நின்றுவிட்டது என்று. கொண்டுவந்தார்கள். சாவியைத் திருப்பினேன், பட்டென்று கிளம்பியது. குத்திப் பார்த்தேன், எல்லா இடத்திலும் பல்பு எரிந்தது. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? தெரியவில்லை, இன்னும் இரண்டு நாள் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். தெரியவில்லை என்ற வார்த்தைதான் என் வாயில் வராதே!

"வண்டி சுத்தமா இருக்குங்க. அம்மா கிளட்ச்ச படக்குன்னு விடுறாங்க போல. புதுசா ஓட்டுறவங்க கையில இப்புடித்தான் நின்னு நின்னு போவும்" என்றேன்.

அந்தோணி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "நான் மெதுவாத்தானே விட்டேன்" என்று ஸ்டெல்லா சொன்னது எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி டெஸ்ட் லைட்டைச் சுருட்டினேன்.

அடுத்த ஐந்து நாளும் அந்தோணி ஸ்டெல்லாவின் காலையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். வண்டி நிற்கும்போதெல்லாம் கிளட்ச், கிளட்ச் என்று கத்தியிருக்கிறார். ரோசம் வராது என்று சொன்ன அந்தப் பெண், ஆறாம் நாள் சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாராம். அன்று அந்தோணியே ஓட்டியபோதும் வண்டி நின்றது. அப்புறம்தான் மறுபடி என்னிடம் வந்தார்கள்.

இந்தத் தடவை கண்டுபிடித்துவிட்டேன். பெட்ரோல் பம்புக்குப் போகிற ஒயரில் பல் பட்டிருந்தது. வெட்டி ஒட்டி டேப் சுற்றினேன். கிளட்ச் பேச்சையே எடுக்கவில்லை. அவர்களும் எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, "வண்டிய எங்க நிப்பாட்டுறீங்க?" என்று வக்கீல் மாதிரி விசாரித்தேன். கொட்டகையில், நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில். "அப்புறம் எலி வராம மயிலா வரும்?" என்றேன். அந்தோணியின் அப்பா எழுபது வயதில், மகனோடு சேர்ந்து அத்தனை மூட்டையையும் வீட்டுக் கூடத்துக்கு இழுத்துப் போட்டார்.

நான்கு நாளில் மறுபடி நின்றது. வேறு ஒயர். ஒட்டினேன். புகையிலைக் காம்பைக் கட்டித் தொங்கவிடச் சொன்னேன். பாச்சை உருண்டை போடச் சொன்னேன். கருவாட்டுத் துண்டு வைத்துப் பொறி வைக்கச் சொன்னேன், அதில் பக்கத்து வீட்டுப் பூனை மூக்கைக் கொடுத்துவிட்டு அலறியதுதான் மிச்சம். மறுபடி நின்றது. கடித்த இடத்தை ஒட்டுகிறேனே தவிர, எலிக்கு இந்த வண்டியில் அப்படி என்ன ஆசை என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. அந்த ஊரில் வேறு வண்டியே இல்லையா என்ன? எரிச்சலில் ராத்திரி சோறு இறங்காது. அந்தோணியோ லீவு நாளை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "அண்ணே, இன்னும் ஒம்போது நாளுதாண்ணே இருக்கு" என்றார் ஒரு நாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

டெஸ்ட் நாளன்று காலை வண்டி அசையவே இல்லை. நான் பைக்கில் அவர்கள் வீட்டுக்கே ஓடினேன். ஸ்டெல்லா மடிப்புக் கலையாத சேலையில், ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்கு மைதானத்தில் இருக்க வேண்டும். பதினொன்றரைக்கு ஒயரைக் கண்டுபிடித்தேன். அதுவரை அவர் சீட்டை விட்டு இறங்கவில்லை. நான்காம் நாள் அந்தோணி திருச்சிக்கு பஸ்ஸில் போய் ஃப்ளைட் ஏறினார்.

அவர் போய் ஒரு வாரம் கழித்து, எனக்கே மனசு கேட்காமல், இதை முடிக்காமல் விடுவதில்லை என்று மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். வைப்பருக்குக் கீழே ஒரு நீளத் தட்டு இருக்கும், மழைத் தண்ணீர் வடிய. இந்த முறை அதைக் கழற்றினேன். கீழே குழிவில் பஞ்சு, டேப் துணுக்கு, எலிப் புழுக்கை, எல்லாம் ஒரு கூடு. ஸ்டெல்லா துடைப்பத்தோடு வந்து ஓர் அள்ளு அள்ளி முறத்தில் கொட்டினார். அதில் விரலை விட்டுக் கிளறினார்.

"இது பொரிங்க. வெல்லமும் கெடக்கு" என்றார்.

நான் கழற்றிய தட்டைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"எங்க வீட்டுல பொரி வாங்குற பழக்கமே இல்லையே" என்றவர், ஒரு பொரியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பக்கம் சிவப்பாக இருந்தது. குங்குமம்.

அந்த இடத்தில் காலில் விழுந்திருக்கலாம். விழவில்லை. "எலி எங்கிருந்தாவது இழுத்துட்டு வந்திருக்கும்ங்க" என்றேன். என் நாக்கை என்னவென்று சொல்வது! அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் முறத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் தட்டிவிட்டு, எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். அதன் பிறகு அந்த வண்டியில் எலி ஏறவே இல்லை. ஏறி என்ன, ஏறாமல் என்ன, ஓட்டச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர் குவைத்தில் இருந்தார்.

மூன்று வருஷம் கழித்து ஒரு மத்தியானம் கீரனூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மாமியாரைத் தூணில் சாய்த்து உட்காரவைத்து, ஆஸ்பத்திரிப் பையோடு ஸ்டெல்லா நின்றிருந்தார். அந்தம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஒதுங்கிப் போகப் பார்த்தேன், கண்ணில் பட்டுவிட்டேன்.

"நல்லா இருக்கீங்களாண்ணே?" என்றார்.

"இருக்கேம்மா. வண்டி ஓடுதா?"

"வித்தாச்சு. அதுல ஏறுனாலே காலு நடுங்குது, கிளட்ச்ச மிதிக்க முடியல. அடுத்த லீவுல அவுகளும் எவ்வளவோ சொல்லிப் பாத்தாக." மாமியாரைக் கைத்தாங்கலாகத் தூக்கினார். பஸ் வந்துகொண்டிருந்தது. படியில் ஏறியவர் திரும்பி, சிரித்த மாதிரிதான் கேட்டார். "இந்த வருசம் யாரு வண்டியிலண்ணே பொரி போட்டீங்க?"

பஸ் போய்விட்டது. கூட்டைக் கிளறிய அன்றே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் எனக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்.

அதோடு எனக்கு அந்த வேலையே கசந்துபோயிற்று. அடுத்த வருஷம் கடையை விட்டேன். இப்போது கொட்டகை இருந்த இடத்தில் செல்போன் கடை. ரோட்டை அகலப்படுத்தியபோது வேப்பமரமும் போயிற்று. மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஒரு தடவை ஆவூர்ப் பக்கம் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. பெரியவர்கள் இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போய்விட்டார்களாம், அந்தோணி மனைவியைக் குவைத்துக்கே கூட்டிப்போய்விட்டாராம். என்னிடம் இருக்கிற நம்பரைப் போட்டால் உபயோகத்தில் இல்லை என்கிறது.

முந்தாநாள் அந்த அடையாள அட்டைக்காரரிடம், "செட்டாவே மாத்திருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வண்டியை அவரிடம் விட்டுவிடலாம். ஸ்டெல்லாவிடம் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தைதான் பாக்கி நிற்கிறது, கேட்க அவர் இங்கே இல்லை. "நீங்க மெதுவாத்தாம்மா விட்டீங்க."